தேன்மொழி என்று போட்டால் திறக்கும்

சிதம்பரம்,
12.8.2009

அன்புள்ள மாமாவுக்கு அருள்மொழி எழுதுவது. நான் சுகம். போடியில் சாரல் நின்றதா, உங்கள் இருமல் விட்டதா? அம்மா எங்கே என்று தேன்மொழி அடம் பிடிக்காமல் சாப்பிடுகிறாளா?

இங்கே ஒரு அசிங்கம் நடந்தது. நீங்கள் கவலைப்பட ஒன்றுமில்லை. எங்கள் பள்ளிக் கம்ப்யூட்டர் அறைக்குள் யாரும் செருப்போடு வரக்கூடாது, தூசி ஆகாதாம். அவ்வளவு சுத்தம் பார்க்கிற தலைமையாசிரியர், பிச்சாவரம் சுற்றுலாப் படங்களை ஏற்ற என் பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கி, அதைக் கரும்பலகையிலேயே எழுதி வைத்துவிட்டார். விளையாட்டு வாத்தியார் செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்தியாக உள்ளே போய், என் பெயரில் நுழைந்து ஆபாசப் படம் பார்த்திருக்கிறார். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வந்தபோது திரையில் அதுதான் இருந்தது.

கேட்டதற்கு, "தேன்மொழின்னு போட்டா தானா தொறக்குது டீச்சர், நா இன்னா பண்றது" என்று இளித்தார்.

அந்த வாயில் நம் பிள்ளை பெயர். அவள் பெயரைப் பாஸ்வேர்டாக வைத்த என்னைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும். இப்போது மாற்றிவிட்டேன். எண்ணும் குறியுமாக, அர்த்தமே இல்லாத ஒன்று.

மழைக்கு முன் ஒரு போர்வை அனுப்புங்கள். தேன்மொழி தன் கையால் பெயர் எழுதிய தாள் ஒன்றையும் அதில் வையுங்கள். தினமும் காலையில் முதல் வேலையாக அவள் பெயரைத்தான் அடிப்பேன். இனி அதுவும் இல்லை.

மணி அடித்துவிட்டது, வகுப்புக்குப் போகிறேன்.

அருள்மொழி