இருபத்து மூன்று ஓம்

தங்கச்சிக்கு,

சளி விட்டதா? உன் போனை எப்போதும் உன் வீட்டுக்காரர்தான் எடுக்கிறார். அதனால் இதைப் பால்காரம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அந்தப் புது வாட்டர் ஹீட்டரைத் தூக்கிக்கொண்டு நேற்று அவர் என் ரிப்பேர் கடைக்கு வந்தார். "அவ கரண்டுன்னாலே நடுங்குறா. நீங்க நல்லாருக்குன்னு சொன்னாத்தான் குளிப்பாளாம்" என்றார்.

மீட்டரை மாட்டினேன். இருநூற்று முப்பது வோல்ட், பத்து ஆம்பியர். வகுத்தால் தடை இருபத்து மூன்று ஓம். பெருக்கினால் இரண்டாயிரத்து முந்நூறு வாட். அட்டைப் பெட்டியில் போட்டிருந்த அதே கணக்கு, இம்மி பிசகவில்லை.

"அப்ப ஒரு குறையுமில்லைன்னு அவகிட்ட சொல்லிடுங்க" என்று சிரித்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

கணக்குச் சரியாக வந்தாலும் மூடியைக் கழற்றிப் பார்க்காமல் நான் எதையும் வெளியே விடுவதில்லை. என் கிறுக்குதான் உனக்குத் தெரியுமே. ஷாக் அடிக்காமல் காக்கும் எர்த் ஒயர் வெட்டப்பட்டிருந்தது. கரண்ட் ஒயரின் தோலைச் சீவி, இரும்புக் கூட்டோடு ஒட்டி டேப் சுற்றியிருந்தது. கம்பெனிக்காரனின் கவனக்குறைவு என்றுதான் நினைக்கப் பார்த்தேன்.

மூடிவிட்டு, திரும்பி வந்தவரிடம், "காயில் வீக்கா இருக்கு, மாத்தணும். இங்கேயே இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னேன்.

வாசல்வரை போனவர் நின்றார். "காயிலை மட்டும் மாத்துங்கக்கா. உள்ள டேப் சுத்தினது நான்தான், அதைப் பிரிக்க வேண்டாம்."

அந்த வீட்டில் இன்னும் எதையெல்லாம் பிரித்து மூடியிருக்கிறாரோ. எந்த சுவிட்சையும் தொடாதே. துணிமணி எடுத்துக்கொண்டு நிற்காமல், இருட்டுவதற்குள் வந்துவிடு.

உன் அக்கா