ஓடைக்கரையில் பத்து நிமிடம்

செல்வி அம்மாவுக்கு,

மாறுதல் உத்தரவு வந்துவிட்டதால் நேற்று பள்ளியில் என் பீரோவைக் காலி செய்துகொண்டிருந்தேன். அடித்தட்டில் ஒரு பழைய காக்கி உறை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை முகாமுக்கு அனுப்பச் சம்மதித்துப் பெற்றோர் எழுதிக் கொடுத்த தாள்கள் அதில் இருந்தன. உங்கள் தாளைப் பெயர் பார்க்காமலே கண்டுபிடித்துவிட்டேன். கையெழுத்துக்குப் பக்கத்தில், விரல் பட்ட இடத்தில், பட்டாசு மருந்தின் சாம்பல் நிறம் இன்னும் மினுங்குகிறது. நீங்கள் இறந்து ஒரு மாதம் ஆகிறதென்று போன வாரம்தான் கேள்விப்பட்டேன்.

முகாமுக்காக நான் கூட்டிய பெற்றோர் கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. தீபாவளி சீசன், நீங்கள் வேலை பார்த்த தாயில்பட்டி பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிகளில் லோடு ஏறிக்கொண்டிருந்த நேரம். லீவு விட்டால் வீட்டில் தீப்பெட்டி ஒட்ட உட்கார்ந்துவிடும் பிள்ளைகள் இரண்டு நாள் மலையடிவாரத்தில் டென்ட் போட்டுத் தங்கட்டும் என்பது என் ஆசை. காலாண்டு விடுமுறையில் போவதாக முடிவு. எல்லாரும் சரியென்று எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது நீங்கள் எழுந்தீர்கள்.

“எங்கன படுக்க வைக்கப் போறீக டீச்சர்?”

“ஓடைக்கரையில. மெத்தை மாதிரி மணல்.”

“நீங்க பாத்தீகளா?”

“போட்டோவுல பாத்தேன்.”

யாரோ சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. இஷ்டமில்லையென்றால் செல்வியை அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். “எம்பிள்ளைக்கு மட்டுமா கேக்கேன்?” என்றீர்கள். குரல் உயரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபமாக இருந்தது.

அந்த வாரம் வியாழக்கிழமை, சீசன் மும்முரத்தில், வேலைக்குப் போகாமல் இடத்தைப் பார்க்க என்னோடு பஸ் ஏறினீர்கள். ஓடையைப் பார்த்ததும் எனக்குப் பெருமை. துளித் தண்ணீர் இல்லை, வெள்ளை மணல். டென்ட் வரும் இடங்களில் குச்சியால் கோடு போட்டேன். நீங்கள் தரையைப் பார்க்கவில்லை. மருதமரத்தின் கிளையையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். நம் தலைக்கு மேலே, கிளைகளின் இடுக்கில், காய்ந்த சருகும் பாலிதீன் பையும் ஒரு பிய்ந்த செருப்பும் செருகிக் கிடந்தன.

“இதையெல்லாம் அம்புட்டு உசரத்துல யாரு வச்சது?” என்று பக்கத்து மாந்தோப்பின் காவல்காரரிடம் கேட்டீர்கள்.

“அது ஐப்பசித் தண்ணி கொண்டாந்ததும்மா. இப்ப ஒண்ணும் வராது. நான் இங்கன எத்தனை வருசமா இருக்கேன்.”

நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். “எங்க அக்கா வேலை பாத்த ரூமையும் இப்படித்தான் சொன்னாக டீச்சர். ஒரு நாளும் ஒண்ணும் ஆனதில்லேன்னு.”

அக்காவுக்கு என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையிருக்கவில்லை.

அதன் பிறகு திட்டம் முழுக்க உங்களுடையதாகிவிட்டது. மேட்டில் உள்ள மாந்தோப்பில் தங்கல். ஒரு டென்டுக்கு நாலு பிள்ளைகள், அதற்கு மேல் கூடாது. கம்பெனியில் ஒரு ரூமுக்கு அதுதான் கணக்கு என்றீர்கள். இரண்டு பக்கமும் வழி இருக்க வேண்டும், வழியில் பையை வைக்கக் கூடாது. நான் பாட்டும் விளையாட்டும் எழுதி வைத்திருந்த நோட்டில் இதையெல்லாம் எழுதினேன். கொஞ்சம் அதிகமாகப் பயப்படுகிறீர்கள் என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

முகாமின் முதல் நாள் சாயங்காலம் இருபத்து நாலு பிள்ளைகளும் ஓடை மணலில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கம் நல்ல வெயில். முகாமுக்குக் கூடவே வந்திருந்த நீங்கள் கரையில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தீர்கள்.

“டீச்சர், மலை தெரியல. மேல மழை பிடிச்சிருச்சு. பிள்ளைகளைக் கூப்பிடுங்க.”

“பத்து நிமிஷம் இருக்கட்டுமே. இப்பதான இறங்குனாங்க.”

நீங்கள் கரை விளிம்புக்குப் போனீர்கள். பிள்ளைகளைப் பார்த்து, “ஏலே, எல்லாரும் மேல வாங்க” என்று ஒரு சத்தம் போட்டீர்கள். அந்தச் சத்தத்துக்கு ஒரு பிள்ளைகூட மறுக்கவில்லை. ஓடி வந்து ஏறினார்கள். எண்ணினேன். இருபத்து மூன்று. மறுபடி எண்ணினேன். இருபத்து மூன்று. மாரீஸ்வரி செருப்பை எடுக்கத் திரும்பிப் போனாளென்று செல்விதான் சொன்னாள்.

நான் அசையவில்லை. லாரி வருவது போல மேலே எங்கோ ஓர் இரைச்சல் கேட்டது. நீங்கள் அதற்குள் சேலையைச் செருகிக்கொண்டு இறங்கியிருந்தீர்கள். வளைவுக்கு அந்தப் பக்கம் உங்களைக் காணவில்லை. பழுப்பு நிறத்தில் சருகைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் வந்தது. முதலில் ஒரு விரற்கடை, பிறகு கணுக்கால். மாரீஸ்வரியை இடுப்பில் தூக்கிக்கொண்டு நீங்கள் திரும்பியபோது முழங்காலைத் தாண்டிவிட்டது. வேரைப் பிடித்து ஏறினீர்கள். நான் பிள்ளையை வாங்கினேன். நான் அன்று செய்தது அவ்வளவுதான்.

“எண்ணுங்க டீச்சர்” என்றீர்கள், மூச்சு வாங்க.

அன்றைக்கு நான் கோடு போட்ட மணல் இருந்த இடத்தில் இடுப்பளவு தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

ஊர் திரும்பியதும் தலைமையாசிரியர் அறிக்கை கேட்டார். ‘வகுப்பாசிரியர் மழை அறிகுறியைக் கண்டு மாணவர்களை உடனே வெளியேற்றினார்’ என்று எழுதினேன். என் கையாலேயே எழுதினேன். பிரேயரில் அவர் அதை வாசித்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள். மாற்றுச் சான்றிதழ் வாங்க நீங்கள் வந்த அன்று, “அன்னைக்கு நான்...” என்று ஆரம்பித்தேன். “பிள்ளைக வந்துருச்சுல்ல, விடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். விட்டுவிட்டேன். அத்தனை வருடம் அது எனக்கு வசதியாகவும் இருந்தது.

நேற்று உங்கள் தாளைக் கையில் வைத்துக்கொண்டு செல்விக்குப் போன் செய்தேன். துக்கம் விசாரித்துவிட்டு, அறிக்கையில் பொய் எழுதியதைச் சொன்னேன். பிள்ளைகளைக் காப்பாற்றியது உன் அம்மா என்றேன்.

“நாங்க எல்லாரும் அங்கனதான டீச்சர் நின்னோம்” என்றாள். “அம்மாதான் யாரும் வாயைத் திறக்கக் கூடாதுன்னுட்டாக. டீச்சருக்குக் கெட்ட பேரு வந்தா அடுத்த வருசத்துப் பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போக விட மாட்டாகன்னு.”

செல்வி அம்மா, அடுத்த வருடம் நான் யாரையும் கூட்டிப் போகவில்லை. அதற்கடுத்த வருடமும் இல்லை. பிள்ளைகள் கேட்டார்கள், அனுமதி கிடைக்கவில்லை என்றேன். நான் அனுமதி கேட்கவே இல்லை.