தையல் இல்லாத நெஞ்சு

வியாழக்கிழமை, இரவு.

இதயத் துடிப்பைச் சீராக்கும் சிகிச்சை முடிந்து போன வாரம்தான் வீடு வந்தேன். இன்று மனைவியின் ஊரான இண்டூரிலிருந்து மாமனார், மாமியார், கொழுந்தியாள் எல்லோரும் பார்க்க வந்தார்கள். மாமனார் என் சட்டையை விலக்கி நெஞ்சை உற்றுப் பார்த்தார்.

"ஒரு தையல்கூட இல்லீங்களே மாப்ள, நெசமாவே ஆபரேஷன் பண்ணாங்களா?"

துளை போட்டது தொடை இடுக்கில்; அங்கிருந்து ரத்தக்குழாய் வழியாகத்தான் இதயத்துக்குக் கம்பி விட்டார்கள். அதை எப்படி அவர்கள் முன்னால் காட்டுவது? எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

அவர்கள் போனதும் நெஞ்சு பழையபடி படபடத்தது. ஆரம்பத்தில் அப்படி இருக்கும் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். தெரிந்தும் வியர்த்துவிட்டது.

"என்னாங்க?" மனைவி மல்லிகா நெஞ்சில் கை வைத்தாள்.

"ஒண்ணுமில்ல, ஏப்பம்."

அந்தக் கைக்கு அடியிலேயே துடிப்பு ஒன்று தவறியது. அவள் விரல்கள் என் மணிக்கட்டு நாடிக்கு நகர்ந்தன.

இப்போது கண்ணை மூடிப் படுத்திருக்கிறாள். என் இடது மணிக்கட்டை மட்டும் இன்னும் விடவில்லை.