தேத்தண்ணி நேரத்துப் போன்

செட்டிபாளையம்
12.02.2024

அன்பு மகள் வதனிக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம். நீயும் மருமகன் சதீசனும் பேத்தியும் அந்தக் குளிருக்குள் சுகமாக இருக்க மாமாங்கப் பிள்ளையாரிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.

போன் இருக்கும்போது இந்த மனுசனுக்கு என்ன கடிதம் என்று நினைப்பாய். வாயால் சொல்ல வெட்கமான விசயம் ஒன்று இருக்கிறது. போன கிழமை நாம் கதைத்துக்கொண்டிருக்கும்போது சட்டென்று போன் நின்றதே, பிறகு நீ கேட்டதற்கு "சார்ஜ் முடிஞ்சு போச்சு மனே" என்றேனே, அது பொய். அந்த நேரம் உன் அப்பா நான் ஓட்டோவோடு சேர்ந்து ஒரு பொம்பிளையின் நெல்லுக்குள் நின்றேன்.

கரடியனாற்றுக்கு ஒரு ஹயர் போய் வெறும் வண்டியோடு திரும்பிக்கொண்டிருந்தேன். வெட்டு முடிந்த காலம், ரோட்டில் ஒரு பக்கம் முழுக்கப் படங்கு விரித்து நெல் காயப்போட்டிருக்கிறார்கள். வாகனம் ஏறாமல் இருக்கக் கல் வைத்து, தடி நட்டு, சிவப்புத் துணியும் கட்டியிருந்தது. குருடனுக்கும் தெரியும். நான்தான் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் கொடுத்து, கொக்கு மாதிரிக் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு வந்தேன். பேத்தி பள்ளிக்கூடத்தில் பாட்டை மறந்துவிட்டு மேடையில் கும்பிட்டுக்கொண்டே நின்ற கதையை நீ சொன்னாய். சிரித்தேன். சிரித்து முடிக்கும்போது வண்டி நெல்லுக்கு நடுவில் நின்றது. சிவப்புத் துணி என் கண்ணாடியில் சுற்றியிருந்தது.

நெல்லுக்காரி கேதீஸ்வரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்தாள். "என்ன அண்ணன், வயல் வட்டைக்குள்ள உழுதது காணாதெண்டு ரோட்டுல உழ வந்தீங்களா?" என்று கேட்டாள். விளக்குமாற்றைத் தந்தாள். குந்தியிருந்து கூட்டினேன். போகிற வருகிற பஸ்காரர் எல்லாம் ஹோர்ன் அடித்து எனக்கு மரியாதை செய்தார்கள். கூட்டி முடிந்த பிறகுதான் மெதுவாகச் சொன்னாள், "இந்த இடத்துலதான் என்ட மகள் மாடு கலைச்சிட்டு இருந்தவள். தண்ணி குடிக்க இப்பதான் எழும்பிப் போனவள்." நாலு ஏச்சு ஏசியிருந்தால் நிம்மதியாக வந்திருப்பேன்.

அதற்குப் பிறகு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. ஓட்டோச் சங்கக் கூட்டத்தில் எழும்பினேன். வண்டி ஓடும்போது போனைத் தொடுகிறவனைத் ஓட்டோக்கள் ஹயருக்கு நிற்கிற தரிப்பிட வரிசையில் கடைசிக்கு அனுப்ப வேண்டும் என்றேன். காத்தான்குடி அப்ஹாம் பாய்ந்தான். "அண்ணன், ஹயர் வாறதே போன்லதான். எடுக்காட்டி மத்தவன் ஏத்திட்டுப் போயிருவான். நீங்க நெல்லுக்குள்ள போனதுக்கு நாங்க ஏன் பட்டினி கிடக்கணும்?" கிளரன்ஸ், பழைய மீன் லொறிக்காரன், அவன் வேறு: "பொலிஸ்காரன் மோட்டார் சைக்கிள்ல போய்க்கிட்டே வோக்கி டோக்கில கதைக்கான். அவன எந்த வரிசையில விடுறது?" சத்தம் போட்டுச் சிரித்தார்கள். ஆனாலும் கை தூக்கினார்கள். சட்டம் வந்தது.

அந்தச் சட்டத்தில் முதல் பிடிபட்ட ஆள் யார் என்று கேட்காதே. அம்மா கறிவேப்பிலை வாங்கச் சொல்லிப் போன் எடுத்தாள், நான் வண்டி ஓடிக்கொண்டே தரிப்பிடத்துச் சந்தியில் வைத்தே "ஓம் ஓம்" என்றேன். எல்லோரும் கைதட்டி என்னைக் கடைசிக்கு அனுப்பினார்கள்.

இது வரைக்கும் பகிடி. இனி எழுத வந்த விசயம். நீ கதைக்கும்போது பின்னால் டிக் டிக் என்று ஒரு சத்தம் கேட்கும். உன் குசினியில் மணிக்கூடு மாட்டியிருக்கிறாய் என்று நினைத்தேன். அம்மாவிடமும் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தேன். நேற்று கிளரன்ஸின் மருமகன் தன் புதுக் காரில் என்னை ஏற்றினார். திரும்புவதற்குச் சிக்னல் போட்டார். அதே மணிக்கூடு.

மகள், நீ என்னோடு கதைப்பது கார் ஓடிக்கொண்டா?

உன் அப்பா,
சாமித்தம்பி


ஸ்காபரோ
06.03.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கையெழுத்தைக் கண்டதும் ஊரில் யாருக்கு என்ன ஆனதோ என்று படியில் இருந்தே உறையைக் கிழித்தேன். நீங்கள் குந்தியிருந்து நெல் கூட்டினதை நினைத்துச் சிரித்தேன். அந்தப் பிள்ளை தண்ணீர் குடிக்கப் போன வரிக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. இனி வண்டி ஓடும்போது போனை எடுக்காதீர்கள் அப்பா, நானே எடுத்தாலும்.

ஆனால் என்னை உங்கள் வரிசையில் கடைசிக்கு அனுப்ப வேண்டாம். ஓம், காரில்தான். முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடிந்து வீட்டுக்கு வரும் வழியில்தான் உங்களைப் போனில் எடுக்கிறேன். இங்கே விடிகிற நேரம், உங்களுக்குப் பின்னேரத் தேத்தண்ணி. போன் என் கையில் இல்லை. கார் ஸ்பீக்கரில் நீங்கள் கதைக்கிறீர்கள், என் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கிறது. கையில் பிடித்தால்தான் இங்கே குற்றம். பக்கத்து சீற்றில் ஓர் ஆள் இருந்து கதைத்தால் அதையும் தடை செய்வார்களா?

நான் வீட்டுக்கு வந்தால்தான் சதீசன் அதே காரில் வேலைக்குப் போகலாம். கதவடியில் கார்த் திறப்பைக் கைமாற்றுவதோடு எங்கள் கதை முடிகிறது. பிறகு பிள்ளை, சமையல், கொஞ்சம் நித்திரை. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் எல்லோரும் சுற்றி நிற்கும்போது நான் என்னத்தைச் சொல்வது? சுகமா, சாப்பிட்டீங்களா, அவ்வளவுதான். காருக்குள் மட்டும்தான் நான் தனியாக இருக்கிறேன். ஒரு கிழவர் என் கையைப் பிடித்தபடி செத்துப்போனதை உங்களுக்குத்தான் சொன்னேன். சதீசனுக்கு இன்னும் சொல்லவில்லை. அதற்கும் சட்டம் போடப் போகிறீர்களா?

அம்மாவை முழங்காலுக்கு எண்ணெய் பூசச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்,
வதனி


செட்டிபாளையம்
27.03.2024

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். பக்கத்து சீற்றில் ஆள் இருந்து கதைத்தால் என்ன என்று கேட்டாயே, எட்டாம் வகுப்புப் படித்த மூளை அதில் மாட்டிக்கொண்டு நின்றது. தரிப்பிடத்தில் அதைப் போட்டுப் பார்த்தேன். பதில் சொன்னது யார் தெரியுமா, சட்டத்துக்கு எதிராகப் பாய்ந்த அப்ஹாம். "பக்கத்துல இருக்கிறவன் லொறி வந்தா வாயப் பொத்துவான் அண்ணன். போன்ல இருக்கிறவனுக்கு லொறி தெரியுமா?"

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்கு அந்தக் கிழவர் செத்த கதை நினைவுக்கு வந்தது. நீ சொல்லிக்கொண்டே அழுதாய். "முழுக்கச் சொல்லு மனே, மனசுல வெச்சிராத" என்று நான் கிண்டிக் கிண்டிக் கேட்டேன். நல்ல தகப்பன் என்று எனக்கே என்னில் ஒரு மதிப்பு. உன் கண்ணில் தண்ணீர், ரோட்டில் பனி, கார் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. நான் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு உன்னை அழவைத்திருக்கிறேன். கேதீஸ்வரியின் நெல்லுக்குள் போனது அதற்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை.

ஆனபடியால் மகள், பின்னேரப் போனை நான் எடுப்பதில்லை. உனக்கும் விளங்கியிருக்கும். கோபித்தால் கோபி.

இங்கே நடக்கும் கூத்தைச் சொல்கிறேன். போன் அடித்தால் கை தானாகப் போகிறது என்று அதை அரிசி வாளிக்குள் போட்டு மூடினேன். அம்மா வந்து, "சோறாக்க அரிசி எடுக்கப் போனா அரிசி பாட்டுப் படிக்குது" என்றாள். அதோடு விடவில்லை. "ஊருக்குச் சட்டம் போட்டாச்சு, இப்ப என்ட பிள்ளைக்கும் போடுறீங்களா?" அன்றைக்குச் சீனி இல்லாத தேத்தண்ணிதான் எனக்கு. நீ அழுது அழுது கார் ஓடின கதையைச் சொன்னேன். இப்போது அவளும் எடுப்பதில்லை, ஆனால் வாளிக்குப் பக்கத்தில் போய் நிற்கிறாள்.

நான் அந்த நேரத்துக்கு வாவிக் கரைக்குப் போகிறேன், வருகிறேன், திரும்பவும் போகிறேன். நான் எதையோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்து வலைக்காரர் இரண்டு பேர் குனிந்து தேடினார்கள். என்ன தொலைந்தது என்று கேட்டார்கள். திறப்பு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எழுது மகள். கடிதத்தைக் கார் ஓடிக்கொண்டு எழுத முடியாது, அதுதான் இதில் நல்லது.

உன் அப்பா


ஸ்காபரோ
17.04.2024

அப்பாவுக்கு,

புது வருசம் அன்று சரியாகக் கதைக்க முடியவில்லை, எல்லோரும் நின்றார்கள். உங்களோடு கோபம்தான். எழுதாமல் இருக்கப் பார்த்தேன். ஆனால் இதை வேறு யாருக்கும் சொல்ல முடியாது. சதீசனிடம் சொன்னால் வேலையை விடச் சொல்வார், வாடகை வீட்டில் இருந்துகொண்டு அது நடக்காது.

போன கிழமை வேலை முடிந்து வரும்போது சிவப்பு விளக்கில் நின்றேன். பின்னால் ஹோர்ன் சத்தம் கேட்டுக் கண் விழித்தேன். விளக்கு பச்சையாகி எவ்வளவு நேரமோ தெரியாது. நின்றபோது வந்த நித்திரை, ஓடும்போது வந்திருந்தால்?

இத்தனை நாளும் நான் முழித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தது உங்கள் அலட்டலைக் கேட்டுத்தான். பாட்டுப் போட்டுப் பார்த்தேன், ஜன்னலைத் திறந்து பார்த்தேன். பாட்டு என்னிடம் ஒன்றும் கேட்பதில்லையே அப்பா.

உங்கள் சங்கத்தில் இதற்கும் ஒரு சட்டம் இருந்தால் சொல்லுங்கள்.

வதனி


செட்டிபாளையம்
10.05.2024

என் தங்கமான மகளுக்கு,

உன் கடிதத்தைத் தரிப்பிடத்தில் வைத்துத்தான் பிரித்தேன். வாசித்த உடனே உன்னை எடுத்தேன். வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது, பயப்படாதே. நீ வேலையில், போன் ஓஃப். சதீசனை எடுத்தேன். அங்கே என்ன நேரம் என்று பார்க்கிற புத்தி இல்லை. அவர் நித்திரையில் இருந்து எழும்பி, "மாமா, ஆருக்கும் ஏதுமா?" என்று பதறினார். "ஒண்டுமில்ல தம்பி, சும்மாதான்" என்றேன். சும்மா எடுக்கிற மனுசனின் குரலா அது. அவருக்கு ஏதோ விளங்கியிருக்கும்.

இதற்கு எங்கள் சங்கத்தில் சட்டம் இல்லை மகள். கதைத்தால் உன் மனம் ரோட்டில் இல்லை, கதைக்காவிட்டால் கண்ணே மூடுகிறது. இரண்டு பக்கமும் நான்தான் நிற்கிறேன். போனை அரிசிக்குள் இருந்து எடுத்தேன், திரும்ப வைத்தேன், திரும்ப எடுத்தேன். அம்மா, "ஒண்டில் எடுங்க, இல்லாட்டி சமைச்சுத் தின்னுங்க" என்றாள்.

கடைசியில் கிளரன்ஸிடம் போனேன். உன் பெயரைச் சொல்லவில்லை, ஆருக்கோ என்று கேட்டேன். அவன் கொழும்புக்கு மீன் லொறி ஓடின காலத்தைச் சொன்னான். "பாட்டுப் போட்டும் பாத்தன், பச்ச மிளகாய் கடிச்சும் பாத்தன், கிளீனரோட சண்டை பிடிச்சும் பாத்தன். ஒண்டும் சரிவரல்ல. நித்திரை வந்தா ஓரமா விட்டுட்டுப் படுக்கத்தான் வேணும். மகளுக்கு அதச் சொல்லுங்க" என்றான். பெயர் சொல்லாமல் கேட்ட லட்சணம் அது.

ஞாயிற்றுக்கிழமை அதைத்தான் உன்னிடம் சொன்னேன். வேலை முடிந்து காரில் ஏறினால் கார் நிற்கிற இடத்திலேயே கண்ணை மூடு, பிறகு காரை எடு. நீ சதீசனிடம் எல்லாவற்றையும் சொன்னாய் என்று கேட்டதும் எனக்குப் பாதிச் சுமை இறங்கியது. அவர் கோபிக்காமல், கால் மணித்தியாலம் பிந்தி வேலைக்கு வர முதலாளியிடம் கேட்டு வாங்கினாராம். நல்ல பிள்ளை. அந்தக் கால் மணித்தியாலம் மட்டும்தான் உனக்குக் கிடைத்திருக்கிறது, அதற்கு மேல் இல்லை என்பதும் எனக்கு விளங்கியது.

முந்தநாள் தேத்தண்ணி நேரத்துக்குப் போன் அடித்தது. நான் எடுக்கவில்லை. பிறகு, கார் நிற்கிறது, எடுங்கள் என்று நீ மெசேஜ் போட்டாய். எடுத்தேன். உன் குரல் முழுக்க நித்திரை. "அப்பா, கால் மணித்தியாலம்தான் இருக்கு. கதைக்கட்டா, படுக்கட்டா?" என்று கேட்டாய்.

அம்மா பக்கத்தில் நின்று கையைக் கையைக் காட்டினாள், கதைக்கச் சொல்லும்படி. நான் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"படு மனே" என்றேன்.

"சரி அப்பா" என்று நீ வைத்துவிட்டாய். உடனேயே வைத்துவிட்டாய். அவ்வளவு களைப்பு உனக்கு.

அதிலிருந்து நீ வீடு போய்ச் சேர்ந்திருப்பாய் என்று எனக்குத் தோன்றும்வரை முற்றத்தில் நடந்தேன். "இருங்களன், முற்றம் தேயுது" என்று அம்மா சத்தம் போட்டாள். நேற்றும் நடந்தேன். இன்றைக்கும் எழுதி முடித்துவிட்டு நடப்பேன். நீ இனி என்னிடம் கேட்காதே மகள், ஏறினவுடன் படு. ஒவ்வொரு நாளும் கேட்டால் ஒவ்வொரு நாளும் சரியான பதிலைச் சொல்கிற ஆள் இல்லை உன் அப்பா.

ஏனென்றால் அன்றைக்கு முதலில் வாய்க்குள் வந்து நின்றது "படு" இல்லை. "வைக்காத மனே, கதை" என்பதுதான்.

அப்பா