நான் கேட்காத நாற்காலி

அனுப்புநர்:
பணி எண் 417,
நீர்மானி அளவீட்டாளர் (தற்போது புகார்ப் பிரிவு, முகப்பு மேசை),
குடிநீர் வழங்கல் அலுவலகம், மூன்றாம் பிரிவு.

பெறுநர்:
நிர்வாகப் பொறியாளர் அவர்கள்,
குடிநீர் வழங்கல் தலைமை அலுவலகம்.

பொருள்: என் ஒப்புதல் இல்லாமல், கருணை அடிப்படையில் எனக்கு வழங்கப்பட்ட இருக்கைப் பணியை ரத்து செய்து, தெருப் பணியைத் திரும்ப வழங்கக் கோருதல் தொடர்பாக.

பார்வை: 1. ஐந்து மாதங்களுக்கு முந்தைய பணிமாற்ற ஆணை. 2. 'இருக்கையில் இல்லாமை' குறித்து எனக்கு வழங்கப்பட்ட குறிப்பாணை.

மதிப்பிற்குரிய ஐயா,

சலுகை கேட்டு வரும் மனுக்கள்தான் தங்கள் மேசையில் அதிகம் இருக்கும். கொடுத்த சலுகையைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி கேட்க நான் இதை எழுதுகிறேன். எழுத்து சற்றுக் கோணலாக இருந்தால் பொறுத்தருள வேண்டும். கோப்பு அலமாரியின் மேல் தாளை வைத்து, நின்றபடியே எழுதுகிறேன்.

1. ஏழாம் வட்டத்தில் பதினொரு ஆண்டுகள் நீர்மானி அளவீட்டாளராக இருந்தேன். ஒரு நாளைக்கு எண்பது, தொண்ணூறு வீடுகள். ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் நடை. ஐந்து மாதங்களுக்கு முன் முகப்பு மேசைக்கு மாற்றப்பட்டேன். எனது ஏழாம் வட்டம் வரும் மாதம் முதல் தேதி வேறொருவருக்கு நிரந்தரமாக ஒதுக்கப்பட உள்ளது. அதன்பின் மூன்றாம் பிரிவில் காலியிடம் இல்லை. எனக்கு இருப்பது பன்னிரண்டு நாட்கள்.

2. எனக்கு முதுகெலும்பு மூட்டுகளில் நாட்பட்ட அழற்சி நோய் இருக்கிறது. மருத்துவர்கள் 'ஆன்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ்' என்கிறார்கள். முப்பத்து நான்கு வயதில் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன் எட்டு வருடங்கள், "பிள்ளை பெத்தா எல்லாருக்கும் வர்ற இடுப்பு வலிதான்" என்று சொல்லி அனுப்பினார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி போட்டுக்கொள்கிறேன். இந்த நோயின் ஒரு குணத்தைத் தாங்கள் தயவுசெய்து கவனிக்க வேண்டும்: ஓய்வெடுத்தால் இது கூடும், அசைந்தால் குறையும். யாரிடம் சொன்னாலும், வலியில் ஏதோ மாற்றிச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, உட்கார இடம் தேடித் தருகிறார்கள். நல்ல மனிதர்கள்தாம். அவர்களிடம் எரிச்சல்படக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதில் பாதிப் பகல் போய்விடுகிறது.

3. பணிமாற்ற ஆணையில் 'பணியாளரின் கோரிக்கையை ஏற்று' என்று இருக்கிறது. நான் எந்தக் கோரிக்கையும் வைக்கவில்லை. கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். எங்கள் மகளின் நோட்டிலிருந்து கிழித்த கோடு போட்ட தாளில் என் கணவர் எழுதிய நான்கு வரிகள் இருந்தன. கூடவே என் மருத்துவ அறிக்கையின் நகல். கடைசி வரி: 'அவள் வாய் திறந்து கேட்க மாட்டாள், அதனால் நான் எழுதுகிறேன்.' கையொப்பமும் அவருடையதே.

இது அவர் மீதான புகார் அல்ல என்பதை இங்கேயே பதிவு செய்கிறேன். அவர் மின்தூக்கி பழுதுபார்ப்பவர். சத்தம் வரும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, 'பயன்படுத்த வேண்டாம்' என்று பலகை மாட்டுவது அவர் வேலை. காலை ஆறரைக்கு அவர் கிளம்பிவிடுவார். அதனால் ஐந்து மணிக்கும் ஆறரைக்கும் இடையிலுள்ள என்னை மட்டுமே அவர் பார்க்கிறார். அந்த நேரத்தில் என்னால் படுக்கையில் புரண்டு படுக்க முடியாது. அவர் தோளைப் பிடித்து உருட்டி, காலைத் தரையில் வைத்து எழுப்பிவிடுவார். காலுறையையும் அவரே மாட்டிவிடுவார். "சாக்ஸ் போட ஆள் வேணும், இவ ஆறு கிலோமீட்டர் நடக்கப் போறாளாம்!" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். சிரித்துவிட்டு, வாசல்வரை போய்த் திரும்பிப் பார்ப்பார். ஒன்பது மணிக்கு மேல் என் இடுப்பு மெல்ல இளகுவதையும், பத்து மணிக்கு நான் மூன்றாவது தெருவில் வேகமாக நடப்பதையும் அவர் பார்த்ததே இல்லை. அவர் கண்ட மனைவிக்கு நாற்காலி தேவைதான். நானும் மறுக்கவில்லை. ஆனால் அவள் அலுவலகத்துக்கு வருவதில்லை, ஐயா.

4. என்னால் குனிய முடியாது என்பது ஆணையில் சொல்லப்பட்ட இரண்டாவது காரணம். உண்மை. மானிகள் பெரும்பாலும் தரைக்குக் கீழே குழியில் இருக்கின்றன. நான்கு வருடங்களாக, நீளக் குச்சியின் நுனியில் பொருத்திய ஒரு கண்ணாடியால் அவற்றைப் படித்துவந்தேன். மூடியை நெம்பித் திறக்கக் குச்சியின் மறுமுனையில் கொக்கி இருக்கிறது. கண்ணாடியில் எண்கள் இடம்வலமாகத் தெரியும், பழகிவிட்டது. அந்தத் தெருக்களில் எனக்குக் 'கண்ணாடியக்கா' என்று பெயர். "என்னக்கா, எங்க வீட்டுத் தண்ணி தலை சீவிக்கணும்னு கேட்டுச்சா?" என்று சலவைக் கடைக்காரர் மாதம் தவறாமல் கேட்பார். மாதம் தவறாமல் நானும் சிரிப்பேன். கடந்த இரண்டு ஆண்டுகளில் என் வட்டத்தில் திருத்தப்பட்ட அளவீடுகள் மூன்று. பக்கத்து வட்டத்தில் அறுபதுக்கு மேல். பதிவேட்டைச் சரிபார்க்கக் கோருகிறேன்.

5. முகப்பு மேசையில் எனக்குக் கொடுத்திருப்பது இந்த அலுவலகத்திலேயே நல்ல நாற்காலி. பஞ்சு மெத்தை, சுழலும் அடி, தலை சாய்க்க இடம். கண்காணிப்பாளர் தன் அறையிலிருந்து தானே தள்ளிக்கொண்டு வந்து போட்டு, "உக்காருங்கம்மா, இனிமே வெயில்ல அலைய வேண்டாம்" என்றார். இருபது நிமிடம் உட்கார்ந்தால் இடுப்புக்குள் யாரோ தாழ்ப்பாள் போடுவது போல் ஆகிவிடும். எழுந்துகொள்கிறேன். சன்னல்வரை போகிறேன், தண்ணீர்க் குடம்வரை போகிறேன், யாரும் கேட்காத கோப்பை மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறேன். சென்ற மாதம் ஒருவர் என்னிடமே வந்து, "இந்த சீட்ல ஆளே இருக்கிறதில்ல. எப்பப் பாரு ஒரு அம்மா அங்கயும் இங்கயும் நடந்துகிட்டே இருக்காங்க. அவங்க மேல புகார் கொடுக்கணும்" என்றார். அந்தப் புகாரை நானே பதிவேட்டில் எழுதி, வரிசை எண் போட்டு, ஒப்புகைச் சீட்டையும் கிழித்துக் கொடுத்தேன். சீட்டை வாங்கும்போதுதான் அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஆனாலும் புகாரைத் திரும்பப் பெறவில்லை. அதன்பேரில் வந்ததே பார்வை இரண்டில் உள்ள குறிப்பாணை. உட்காராததற்கு விளக்கம் கேட்கிறது. இந்த மனுவையே அந்த விளக்கமாகக் கொள்ள வேண்டுகிறேன்.

6. மருத்துவர் என்னைச் சுவரோடு ஒட்டி நிற்கவைத்து, பின்னந்தலைக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை அளப்பார். தெருப் பணியில் இருந்த கடைசி மூன்று ஆண்டுகளில் அது இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டியதில்லை. இப்போது நாலரை. இது இன்னும் எலும்பு இறுகியதால் அல்ல, தசை இறுக்கம்தான், பழையபடி நடமாடினால் குறைய வாய்ப்பு உண்டு என்று அவர் எழுதிக் கொடுத்த கடிதத்தை இணைத்துள்ளேன். அது எவ்வளவு காலத்துக்கு உண்டு என்று கேட்டேன். அதை எழுதித் தர முடியாது என்றார். இந்த நோயில் எலும்புகள் எந்த நிலையில் ஒட்டிக்கொள்கின்றனவோ, அதன்பின் ஆயுளுக்கும் அந்த நிலைதான். மேசைமேல் கவிழ்ந்த நிலையில் ஒட்டிக்கொண்டால், எதிரில் நிற்பவரின் செருப்பைப் பார்த்துத்தான் பேச வேண்டியிருக்கும். என் மகள் என்னைவிட உயரம்.

7. ஆணையை மாற்றக் கோரிக் கண்காணிப்பாளரை மூன்று முறை சந்தித்தேன். "வீட்டுக்காரரே வந்து கேக்கும்போது நான் எப்படிம்மா மாட்டேன்னு சொல்றது? அவரையே வந்து வாபஸ்னு ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்க. இன்னிக்கே முடிச்சுடலாம்" என்றார். மூன்று முறையும் அதையேதான் சொன்னார். அவரிடம் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. அதனால்தான் சண்டை போடாமல் திரும்பி வந்தேன்.

8. வீட்டில் இதைச் சொன்னபோது என் கணவர், "நல்லதுக்குத்தானே செஞ்சேன்? ரோட்டுல விழுந்து கெடந்தா யாரு பார்ப்பா?" என்றார். நியாயமான கேள்வி. நாலரை சென்டிமீட்டர் என்று மருத்துவர் சொன்னதைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. தன் தொழில் டேப்பை எடுத்து வந்து, என்னைக் கதவோரச் சுவரில் நிற்கவைத்து, தானே அளந்தார். மூன்று முறை அளந்தார். டேப்பைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். மறுநாள் காலை என் கைப்பையின் மேல் ஒரு தாள் இருந்தது. அதே கோடு போட்ட தாள். என் மனைவிக்கான கோரிக்கையைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதி, கையொப்பமிட்டிருந்தார்.

அந்தத் தாள் இப்போதும் என் கைப்பையில்தான் இருக்கிறது. கண்காணிப்பாளரிடம் கொடுத்தால் இன்று மாலைக்குள் என் குச்சியும் கண்ணாடியும் திரும்பக் கிடைத்துவிடும். பன்னிரண்டு நாள் கெடு வைத்துக்கொண்டு அதைக் கொடுக்காமல் இருப்பது பிடிவாதமா என்று என்னையே பலமுறை கேட்டுக்கொண்டேன். சன்னலுக்கும் மேசைக்கும் நடக்கும் நடையெல்லாம் இப்போது இந்தக் கேள்வியோடுதான். ஒருவர் எழுதி என்னை உட்காரவைத்து, அவரே எழுதி என்னை எழுந்திருக்கச் செய்தால், அடுத்த முறை எழுதவும் அவருக்கு வழி இருக்கும். நாற்பத்தாறு வயதாகிறது. பட்டப்படிப்பு படித்திருக்கிறேன். ஒரு நாளைக்கு நாற்பது பேரின் கையொப்பத்தைச் சரிபார்த்து மனு வாங்குகிறேன். ஆகவே அந்தத் தாளை இம்மனுவுடன் இணைக்கவில்லை.

9. எனவே தாங்கள்,

அ) பணிமாற்ற ஆணையை ரத்து செய்து, முதல் தேதிக்குள் என்னை ஏழாம் வட்டத்திலேயே மீண்டும் அமர்த்தவும்,

ஆ) 'பணியாளரின் கோரிக்கையை ஏற்று' என்ற சொற்களைக் கோப்பிலிருந்து நீக்கவும்,

இ) ஒரு பணியாளருக்காக அவர் குடும்பத்தார் கொடுக்கும் எந்தக் கடிதத்தின் மீதும், அந்தப் பணியாளரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஆணை பிறப்பிக்கக் கூடாது என்று அறிவுறுத்தவும்

வேண்டுகிறேன். குறிப்பாணை மீது தங்கள் முடிவு எதுவானாலும் ஏற்றுக்கொள்கிறேன். நான் இருக்கையில் இல்லை என்பது உண்மைதான்.

என்னை நேரில் விசாரிக்க வேண்டுமானால் காலை பத்து மணிக்குப் பிறகு அழைத்தால் நன்று. நான் நின்றுகொண்டு பதில் சொல்வதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இந்த நோய் எந்தப் பக்கம் போகும் என்பது எனக்கும் தெரியாது. ஆறு கிலோமீட்டர் மூன்றாகி, மூன்று ஒன்றாகி, ஒரு நாள் நாற்காலி கேட்டு நானே தங்களுக்கு மனு எழுத நேரலாம். அந்த மனு வரும்போது கையொப்பத்தைப் பாருங்கள், ஐயா. என்னுடையதாக இருந்தால் தாமதிக்காமல் கொடுத்துவிடுங்கள். அதுவரை என்னை நடக்க விடுங்கள்.

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,

(கையொப்பம்)
பணி எண் 417

இடம்: மூன்றாம் பிரிவு அலுவலகம்
நாள்: பதினெட்டாம் தேதி, முற்பகல்

இணைப்பு: 1. மருத்துவரின் கடிதம். 2. குறிப்பாணையின் நகல். 3. ஏழாம் வட்ட அளவீட்டுத் திருத்தப் பதிவேட்டின் இரண்டு ஆண்டுப் பக்கங்கள்.