முக்கில் கட்டிய பிளக்ஸ்

அருப்புக்கோட்டை,
27-1-2025

மகள் ரோஷினிக்கு,

நீ செய்த தப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்பெனி வேலை இல்லை என்று ஆனதைப் பெற்ற தகப்பனிடம் மறைத்துவிட்டாய். டீக்கடை காளிராஜ் வாயால் நான் அதைக் கேட்க வேண்டியதாயிற்று. போனில் கேட்டால் உன் அம்மா பக்கத்தில் நின்று அழுவாள், நீ சிரித்து மழுப்புவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று டீ குடிக்கப் போனேன். பத்துப் பேர் இருக்கும்போது கேட்கிறான்: "அண்ணாச்சி, ஒங்க மக கனடாவுல மளிகைக் கடை வாசல்ல பனிய அள்ளிக்கிட்டு இருக்காம்ல? எங்க பாண்டிராஜ் அங்கதான இருக்கான், பார்த்துட்டுப் போன் போட்டான். பிளக்ஸுல வேற என்னமோ போட்டிருக்கீக?"

"ஒம் மகன் ஆள் மாறிப் பார்த்திருப்பான்" என்றேன்.

"பேசியே இருக்கான் அண்ணாச்சி. 'ஊர்ல சொல்லிராதண்ணே'ன்னு கையப் பிடிச்சிருக்கு இந்தப் புள்ள."

டீயை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

திருச்சுழி பஸ் நிற்கிற முக்கில் பொங்கலுக்குக் கட்டிய பிளக்ஸில் நீ இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாய். கீழே உன் கம்பெனி பெயர். அதற்கும் கீழே என் புண்ணாக்குக் கடைப் பெயர். இப்போது நான் அந்த வழியாகப் போவதில்லை. பின் தெரு சுற்றித்தான் கடைக்குப் போகிறேன்.

எட்டாம் வகுப்போடு நின்றவன், பொட்டலம் மடிக்க வந்த பேப்பரை வைத்தே இங்கிலீஷ் படித்தவன் நான். சொன்னால் எனக்குப் புரியாது என்று நினைத்தாயா? என்ன நடந்தது என்று எழுது.

சௌந்தரபாண்டியன்

*

வின்னிபெக்,
14-2-2025

அன்புள்ள அப்பாவுக்கு,

பாண்டிராஜ் அண்ணன் சொன்னது உண்மைதான். கடை திறக்கும் முன் வாசல் பனியை அள்ளுகிறேன். பிறகு உள்ளே சாமான் அடுக்குகிறேன். மிச்ச நேரமெல்லாம் கம்பெனிகளுக்கு மனுப் போடுகிறேன். முதல் வேலைக்கே இரண்டு வருட அனுபவம் கேட்கிறார்கள், அப்பா. அந்த அனுபவத்துக்கு எங்கே போவது என்று யாரும் சொல்வதில்லை.

பிளக்ஸில் போட்ட அந்தக் கம்பெனியில் மூன்றாவது இன்டர்வியூ முடிந்ததும் அம்மாவிடம், "லெட்டர் வர வேண்டியதுதான் பாக்கி" என்றேன். நம் ஊரில் அப்படிச் சொன்னால் முடிந்த மாதிரி. சம்பந்தம் பேசி வெற்றிலை மாற்றிவிட்டால் மறுநாளே ஊருக்குச் சொல்கிறோம் இல்லையா? இங்கே கையெழுத்துப் போட்ட காகிதம் வரும்வரை எதுவும் நடக்கவில்லை என்றுதான் அர்த்தம். நீங்கள் பிளக்ஸ் அடித்தீர்கள். ஆனந்தகுமார் அத்தான் அதைப் படம் எடுத்து, கம்பெனி பெயரையும் சேர்த்து நெட்டில் போட்டார். அது அவர்கள் கண்ணில் பட்டுவிட்டது. வேலையே கொடுக்காதபோது எங்கள் ஊழியர் என்று எப்படி விளம்பரம் செய்தாய் என்று கேட்டார்கள். விளக்கி எழுதினேன். வேறு ஆளை எடுத்துவிட்டதாகப் பதில் வந்தது.

இதை உங்களிடம் சொல்ல வாய் வரவில்லை. அத்தான் போட்ட படத்தில் பிளக்ஸுக்குக் கீழே நீங்கள் புது வெள்ளைச் சட்டையோடு நிற்கிறீர்கள். அதைப் பார்த்த பிறகு எப்படிச் சொல்வேன்?

பிளக்ஸை இப்போது எடுக்காதீர்கள். எடுத்தால் இன்னும் பேசுவார்கள். காற்றில் தானாகக் கிழியட்டும். இனி ஊர்ப்பக்கம் வரவே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உங்கள் ரோஷினி

*

அருப்புக்கோட்டை,
3-3-2025

ரோஷினிக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்கு நானே வாசித்துக் காட்டினேன். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

நீ மறைத்தது தப்பு. அதில் நான் மாறவில்லை. ஆனால் பத்துப் பேர் முன்னால் என் தலை குனிந்தது உன்னால் இல்லை. இனி நடக்க வேண்டியதை எழுதுகிறேன்.

பிளக்ஸ் தானாகக் கிழியாது. கட்டியவன் நான், நான்தான் இறக்க வேண்டும். நாளைக்கு, திருச்சுழி பஸ் வந்து ஆள் இறங்குகிற நேரத்தில் இறக்குவேன். ஏணியை ஆனந்தகுமார் பிடிக்க வேண்டும். அதற்கு முன்னால், நெட்டில் போட்டதை அவன் எடுத்துவிட வேண்டும்.

பிறகு காளிராஜ் கடையில் உட்கார்ந்து நான் சொல்ல வேண்டும்: "ஆமாய்யா, எம் மக பனிதான் அள்ளுறா. கெடைக்க இருந்த வேலையக் கெடுத்தவன் நான்." டீயை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.

அந்தக் கம்பெனிக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பவா, கிழித்துப் போடவா என்று நீதான் சொல்ல வேண்டும். இந்தத் தடவை கேட்டுவிட்டுச் செய்கிறேன்.

உன் அம்மா போனில் அழக் கூடாது. நீ மனுப் போடுவதை நிறுத்தக் கூடாது. பனி அள்ளுகிற கைக்கு நல்ல உறை வாங்க வேண்டும். ஊருக்கு வரத் தோன்றினால் வந்துவிட வேண்டும். வெட்கப்படுகிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இறக்கிய பிளக்ஸை, நம் கடையில் வேலை பார்க்கிற தவசி, கடை வாசலில் இருக்கிற புண்ணாக்கு மூட்டைகள் மேல் மூட வேண்டும். படம் உள்பக்கம் இருக்கும்படி மூட வேண்டும். வெளிப்பக்கம் இருந்தால் நம் ஊர் வெயிலில் உன் முகம் வெளுத்துப் போகும்.

அப்பா