ஃபர்னஸ் சுவரும் நீ வாங்கித் தந்த ஆறு நோட்டும்

கும்மிடிப்பூண்டி
மாசி 14, வியாழன்

அன்பு மகள் ஹேமாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அதையே நலம் என்று எடுத்துக்கொள். அங்கே நீயும் மாப்பிள்ளை விமலும் குழந்தை பூமிகாவும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று அம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டு இருக்கிறார், நீயும் இரண்டு நிமிடத்தில் அழ ஆரம்பித்துவிடுகிறாய், அப்புறம் நான் பூமிகாவின் இருமலைப் பற்றி ஏதாவது பேசிவிட்டு வைத்துவிடுகிறேன். அந்த இருமலுக்குக் கனடா மருந்தை மட்டும் நம்பிக்கொண்டு இராதே, மிளகைத் தட்டிப் போட்டுப் பால் கொடு, தலைக்குத் தொப்பி இல்லாமல் வெளியே விடாதே. மாப்பிள்ளை சிரிப்பார், சிரிக்கட்டும்.

பொங்கல் கழிந்த வாரம் பெரிய கம்பெனியில் ஒருவருக்குக் கை போய்விட்டது என்று சொன்னேன் அல்லவா, முழுதாகச் சொல்லவில்லை. பாரம் தூக்குகிற செயின் பிளாக் அங்கே செய்கிறார்கள், அதில் கொக்கியைப் பிடித்து நிற்கிற பின் நம் ஷெட்டு ஃபர்னஸில்தான் சூடேறி எண்ணெயில் இறங்கி உரமேறிப் போகும், இத்தனை வருஷமாக நம் சோறு அதுதான். சேகர் என்று ஒரு பிள்ளை, பழவேற்காட்டுப் பக்கம் மீன்பிடிக் குப்பம், காண்டிராக்டில் வேலை. பிளாக்கைச் சோதிக்கும்போது பின் இரண்டாக உடைந்து பாரம் கையில் விழுந்தது. வலது கையில் மூன்று விரல் இல்லை. இனி அந்த வேலையும் இல்லை, ஊருக்குப் போய் வலை இழுக்கலாம் என்றால் அதற்கும் அந்தக் கை ஆகாது. உடைந்த பின்னின் தலையில் நம் நம்பர் இருக்கிறது. ஆகஸ்டில் நாம் அனுப்பிய இருநூற்று நாற்பதில் ஒன்று.

அந்த இருநூற்று நாற்பதையும் அப்பா இரண்டு லோடாகப் போட்டார். எண்ணெயில் இறக்கிய பின்னை அன்றைக்கே திரும்ப இளஞ்சூட்டில் வைத்து எடுக்க வேண்டும், விட்டால் வெடுக்கென்று உடையும், நீ பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே அப்பா உனக்குச் சொல்லித் தந்ததுதான். முதல் லோடு சரியாக வந்தது எல்லாருக்கும் நினைவு இருக்கிறது. இரண்டாவது லோடின்போது கரண்டு போய்ப் போய் வந்தது. அன்றைக்கே திரும்பச் சூட்டில் வைத்தோமா, மறுநாள் வைத்தோமா, வைக்கவே இல்லையா, அதுதான் கேள்வி. அன்புசெல்வனைக் கேட்டால் காலையில் ஒன்று சொல்கிறான், சாயந்திரம் ஒன்று சொல்கிறான். கடைசியில், அக்கா அந்த வாரம் புல்லா பேஜாரு, கரண்டு போய்க்கினு வந்துக்கினு இருந்துச்சு, வெச்ச மாதிரியும் கீது, வெக்காத மாதிரியும் கீது, என்னைப் போட்டு நோண்டாத என்று சொல்லிவிட்டு அழுதான். பதினெட்டு வருஷம் நம்மிடம் இருக்கிறவன், அவனை நான் என்ன சொல்ல.

நோட்டைப் பார்த்தால் தெரியுமே என்று கேட்பாய். உனக்குச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது ஹேமா. நீ லீவில் வந்தபோது ஆறு நீள நோட்டு வாங்கி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, தேதி, உருப்படி, எத்தனை, சூடு, ஏற்றிய நேரம், இறக்கிய நேரம் என்று தலைப்பு எழுதி, தினமும் எழுதுங்கள் என்று தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டு போனாய். போன கையோடு ஆயுத பூஜை வந்தது. நான் அந்த ஆறு நோட்டையும் பூஜையில் வைத்து மஞ்சள் குங்குமம் இட்டேன். அவ்வளவுதான், அதற்குப் பிறகு எண்ணெய்க் கையோடு சரஸ்வதியைத் தொட மாட்டோம் என்று ஷெட்டில் ஒருவரும் தொடவில்லை. அப்பாவும் பழையபடி ஃபர்னஸ் பக்கத்துச் சுவரில் சாக்பீஸால் எழுதிக்கொண்டு இருந்தார். சரி, வருஷத்துக்கு ஒரு முறை ஆயுத பூஜைக்கு வெள்ளையடிப்பதற்கு முன்னால் சுவரைப் பார்த்து நான் நோட்டில் ஏற்றிவிடுகிறேன் என்று நாங்களே ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். இரண்டு வருஷம் செய்தேன். ஸ்டூலில் ஏறி ஒவ்வொரு வரியாகப் பார்த்து எழுத இரண்டு நாள் ஆகும். பெரிய சாமர்த்தியம் என்று எனக்கே பெருமை.

போன வருஷம் அப்பா திருவாலங்காட்டில் சித்தப்பாவின் காரியத்துக்குப் போயிருந்தார். வெள்ளையடிக்கிறவர் சொன்ன நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகவே வந்து நின்றார், அப்புறம் எனக்கு ஆள் கிடைக்காது என்றார். எந்தச் சுவரை முதலில் அடிக்கட்டும் என்று கேட்டார். எனக்கு முட்டி வலி, சமையல் பாதியில் நிற்கிறது, புகை ஏறி அசிங்கமாக இருக்கிறதே என்று ஃபர்னஸ் சுவரைத்தான் கையைக் காட்டினேன். பகல் சாப்பாட்டுக்குப் பிறகுதான் நோட்டு ஞாபகம் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன், இரண்டாவது பூச்சே அடித்து முடித்திருந்தார். போனில் ஒரு படமாவது பிடித்திருக்கலாமே அம்மா என்று கேட்காதே. போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. அப்பாவிடம் சொன்னேன், போனால் போகிறது யார் கேட்கப் போகிறார்கள் என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இப்போது கேட்டுவிட்டார்கள். பதினைந்து நாளில் அந்த லோடின் பதிவைக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் வேலை கொடுக்கிற லிஸ்டில் இருந்து நம்மை எடுத்துவிடுவோம் என்று கம்பெனியில் இருந்து கடிதம் வந்தது. கடிதத்தைப் படித்த அன்று அப்பா ஒரு பழைய பிளேடை எடுத்துக்கொண்டு போய்ச் சுவரைச் சுரண்டினார். ஆகஸ்ட் இருந்த இடம் இதுதான், இதுதான் என்று ஒரு முழ அகலத்துக்குச் சுரண்டினார். சுண்ணாம்போடு சாக்பீஸும் சேர்ந்து கொட்டியது. அறுபது வயது மனுஷன் தலையெல்லாம் வெள்ளைப் பொடியோடு நின்றதைப் பார்த்து என் கையை நானே முறித்துப் போட்டுக்கொள்ளலாம் போல் இருந்தது.

அப்புறம் சந்திரமோகன் என்று ஒருவரை அப்பா கூட்டி வந்தார், சர்டிபிகேட் வாங்கித் தருகிற கன்சல்டன்ட். நம் பழைய இரண்டு நோட்டையும் புரட்டிப் பார்த்துவிட்டு, சூப்பரா கீது மேடம், இதே கையெழுத்துல மூணாவது நோட்டையும் எழுதிடுங்க, ரெண்டு மூணு பேனா மாத்திக்கோங்க, அங்கங்க கட்டைவிரல்ல எண்ணெய் வெச்சி ஒத்துங்க, ஒரு பகல் வேலை என்றார். எனக்குக் கோபம் வந்தது. அப்பாவுக்கு வரும் என்று அவர் முகத்தைப் பார்த்தேன், வரவில்லை. மறுநாள் எனக்கு டீ போட்டுக் கொண்டுவந்து மேஜையில் வைத்து, எழுதிடு குணா, ஷெட்ட நம்பி ஏழு குடும்பம் கீது என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில் அவர் எனக்கு டீ போட்டது அதுதான் முதல் தடவை. வேண்டாம் இந்த டீ என்று இருந்தது.

எழுதினேன். உன்னிடம் மறைக்க மாட்டேன். குங்குமம் வைத்த நோட்டில், நீ போட்ட கோட்டுக்குள், நடக்காததும் நடந்ததும் கலந்து ஜூலை வரைக்கும் எழுதினேன். எத்தனை டிகிரி, எத்தனை மணி எல்லாம் எனக்கு மனப்பாடம், கை தானாக ஓடியது. ஆகஸ்ட் பக்கத்தைத் திருப்பும்போது வாசலில் யாரோ அக்கா என்றார்கள். சேகர். கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறான். சண்டை போடத்தான் வந்திருக்கிறான் என்று பயந்தேன். அவன் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து, நான் கொக்கிய கோணையா மாட்டலக்கா, சீரா தான் மாட்னேன், உங்க பின்னு நல்லா இருந்துச்சுன்னா தப்பு என்னுதுன்னு எழுதிடுவாங்களாம், உங்க நோட்டுல இன்னா கீதுன்னு மட்டும் பாத்துச் சொல்லு, நோட்டுல இருந்தா நான் ஒத்துக்குறேன் என்றான். மை காயாத நோட்டு எனக்கு முன்னால் திறந்து கிடக்கிறது. அவன் அதை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நான் எதை எழுதுகிறேனோ அது அவன் தலையில் போய் விழும் என்று எனக்கு அந்த நிமிஷம் வரைக்கும் உறைக்கவே இல்லை. ஏழு குடும்பம் என்று அப்பா எண்ணினாரே, நாங்கள் இரண்டு பேரும் எண்ணாமல் விட்டது அவன் குடும்பத்தை. திங்கட்கிழமை வாப்பா என்றேன். தண்ணீர் கொடுத்தேன், இடது கையால் வாங்கிக் குடித்துவிட்டுப் போனான்.

அவன் போன பிறகு எழுதிய பக்கங்களை எல்லாம் குறுக்கே கோடு போட்டு அடித்தேன். கிழிக்க மனசு வரவில்லை. ஆகஸ்ட் பக்கத்தில், இந்த மாதத்துக்குப் பதிவு இல்லை, சுவரில் இருந்தது, வெள்ளையடிக்கச் சொன்னது நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்பா படித்தார். திட்டுவார் என்று நின்றேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவரே அதை எடுத்துக்கொண்டு போய்க் கம்பெனியில் காட்டிவிட்டு வந்தார். நான்காம் நாள் லிஸ்டில் இருந்து எடுத்துவிட்டதாகக் கடிதம் வந்தது. ஃபர்னஸ் அணைந்து இன்றோடு ஒன்பது நாள். அன்புசெல்வன் வேறு ஷெட்டுக்குப் போய்விட்டான், மற்றவர்களும் தேடுகிறார்கள். அப்பா மட்டும் எட்டு மணிக்குப் போய்த் திறக்கிறார், ஐந்து மணிக்குப் பூட்டிக்கொண்டு வருகிறார்.

சேகருக்கு நல்லது நடந்ததா என்று கேட்பாய். சொன்னபடி திங்கட்கிழமை வந்தான், அந்தப் பக்கத்தைக் காட்டினேன். நின்று நிதானமாகப் படித்தான். அப்ப யாருக்குமே தெரியாதாக்கா என்று கேட்டான். இல்லப்பா என்றேன். போனில் ஒரு படம் பிடித்துக்கொண்டு போனான். விசாரணையில் காரணம் தெரியவில்லை என்று எழுதி மூடிவிட்டார்களாம். அவன் தப்பு என்று எழுதவில்லை, நம் தப்பு என்றும் எழுதவில்லை. அவன் கேட்டு வந்தது கடைசிவரை அவனுக்குக் கிடைக்கவில்லை.

நீ பணம் அனுப்புகிறேன், புதிதாகக் கம்ப்யூட்டரில் எல்லாம் போட்டுத் தருகிறேன் என்று கிளம்பாதே. எழுதி வைக்க இங்கே இப்போது ஒரு வேலையும் நடக்கவில்லை. நீ உன் குடும்பத்தைப் பார். மாப்பிள்ளையிடம் இதைச் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். மூன்று பேரும் தீர்க்காயுசோடு, ஒருத்தருக்கொருத்தர் துணையாக, ஒரு குறையும் இல்லாமல் இருக்க அம்மன் கண் பார்க்கட்டும். ஒன்றே ஒன்று மறக்காதே கண்ணு. ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் பேசும்போது சாப்பிட்டாரா, மாத்திரை போட்டாரா, எது வேண்டுமானாலும் கேள். பின் உடைந்தது நம் தப்பாலா என்று மட்டும் கேட்டுவிடாதே. அவர் என்னிடம் தினமும் அதைத்தான் கேட்கிறார்.

என்றும் உன் நினைவாக,
அம்மா
கு. குணசுந்தரி